பழைய ஸ்விஃப்டை ஷோ கார் ஆக்க எங்கிருந்து தொடங்குவது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பா 2014-இல் வாங்கிய வெள்ளை நிறப் பெட்ரோல் ஸ்விஃப்ட் இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. வேளச்சேரியில் வீடு, சோழிங்கநல்லூரில் வேலை, தினமும் அதில்தான் போய் வருகிறீர்கள். மூன்று லட்சம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். அடுத்த வருடத்துக்குள் அதை ஒரு ஷோ காராக மாற்ற வேண்டும். பாடி கிட், 17 இஞ்ச் அலாய், மேல்நோக்கித் திறக்கும் கதவு, கோணத்துக்குக் கோணம் நிறம் மாறும் பெயிண்ட், சத்தமான சைலன்சர் என்று ஐந்து ஆசைகளை எழுதி, இதில் எதை முதலில் செய்வது, ஆர்டிஓ பிரச்சினை வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதை இரண்டு மூன்று முறை படித்த பிறகு எனக்குப் புரிந்தது இது: ஆபீஸ் போகிற வண்டி ஆபீஸ் போகிற வேலையையும் கெடுத்துக்கொள்ளாமல், சட்டத்திலும் மாட்டிக்கொள்ளாமல், பத்து வண்டிகளுக்கு நடுவில் நிறுத்தினால் தனியாகத் தெரியுமா என்பதுதான் உங்கள் கேள்வி. தெரியும். ஆனால் அந்த ஐந்தில் நான்கை விட்டுவிட வேண்டியிருக்கும். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன்.

நான் அம்பத்தூர் பக்கம் பல வருடங்களாக டிங்கரிங், பெயிண்டிங் வேலையில் இருப்பவன். விபத்தில் சிக்கிய வண்டிகள்தான் பிழைப்பு. ஷோவுக்கு வண்டி தயார் செய்வது மனசுக்குப் பிடித்த வேலை. தகரம், பள்ளத்தை நிரப்பும் பட்டி, பெயிண்ட், ஃபைபர் இவற்றைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். வீல், சஸ்பென்ஷன் பற்றி அனுபவத்தில் தெரிந்தவரை சொல்வேன். சட்டத்தைப் பொறுத்தவரை நான் வக்கீல் இல்லை. ஆர்டிஓ ஆபீஸில் வண்டிகளோடு நின்று தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

சட்டத்தில் தொடங்கலாம், மற்ற முடிவுகள் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு சொல்வது இதுதான்: ஆர்சி புக்கில் இருக்கும் விவரம், தயாரிப்பாளர் முதலில் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதையே அழுத்தமாக உறுதி செய்தது. அதே வருடம் வந்த சட்டத் திருத்தத்தில் 182-ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதியில்லாத மாற்றம் செய்த வண்டி உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்பதைக் கவனியுங்கள். உங்கள் ஐந்து ஆசைகளும் ஐந்து தனித்தனி மாற்றங்களாக எண்ணப்படலாம்.

நிறம் ஆர்சியில் பதிவாகும் விவரம். மாற்றலாம், ஆனால் முன்கூட்டியே ஆர்டிஓவிடம் விண்ணப்பித்து, மாற்றிய பிறகு ஆர்சியில் ஏற்றிக்கொள்ள வேண்டும். பெயிண்ட் அடிக்காமல் ஸ்டிக்கர் ரேப் ஒட்டினாலும், சாலையில் நிறுத்துகிறவர் கண்ணுக்குத் தெரிவது ஆர்சியில் இருப்பதற்கு வேறான நிறம்தான். ஆலிவ் பச்சை பக்கமே போகாதீர்கள், அது ராணுவ வண்டிகளுக்கு மட்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். முன், பின் கண்ணாடிகளில் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமும் வெளிச்சம் உள்ளே போக வேண்டும். ஃபிலிம் ஒட்டுவதற்கு 2012-இல் உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு சென்னை சாலைகளில் போலீஸ்காரர்கள் நிறுத்தி நிறுத்திக் கிழித்தது பலருக்கும் நினைவிருக்கும். சைலன்சரை மாற்றிச் சத்தம் கூட்டுவது நேரடியாக அபராதத்துக்கு உரியது. ஷோவில் எஞ்சின் ஓடாமல்தான் வண்டி நிற்கப் போகிறது, அதனால் அந்தச் செலவால் உங்களுக்கு ஒரு லாபமும் இல்லை.

இதுவரை சொன்னது உறுதியானது. இனி அதிகாரியைப் பொறுத்தது. பம்பருக்குக் கீழே ஒட்டும் சின்ன லிப், பின் ஸ்பாய்லர், கம்பெனி உயர் மாடலில் கொடுத்திருக்கும் அதே அளவு வீல், கூரைக்கு மட்டும் கறுப்பு ரேப் — இவற்றை ஒரு பிரேக் இன்ஸ்பெக்டர் கண்டுகொள்ளாமல் விடுவார், இன்னொருவர் எழுதிக் கொடுக்கச் சொல்வார். இரண்டையும் பார்த்திருக்கிறேன். ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் வண்டி பதிவான ஆர்டிஓ ஆபீஸில் நேரில் போய்க் கேட்டுவிடுங்கள். கடைக்காரர் சொல்லும் ‘ஒண்ணும் ஆகாது சார்’ அங்கே செல்லாது. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். சொந்த உபயோகக் காருக்குப் பதிவு 15 வருடம். உங்கள் வண்டி 2029-இல் மறுபதிவுக்குப் போய் நேரில் பரிசோதனைக்கு நிற்கும். அன்றைக்குக் கழற்றிப் பழையபடி மாட்ட முடியாத எந்த வேலையையும் இன்று செய்யாதீர்கள். கழற்றுகிற பம்பர், வீல், ஸ்பிரிங் எல்லாவற்றையும் துணியில் சுற்றி மொட்டை மாடி அறையில் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்து, எப்படிப்பட்ட ஷோ கார் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். உலகத்தில் இதற்குப் பல வழிகள் உண்டு. அமெரிக்காவில் 1967-இல் தொடங்கி இப்போது ஒவ்வொரு நவம்பரிலும் லாஸ் வேகஸில் நடக்கும் செமா கண்காட்சி, உதிரிபாகக் கம்பெனிகள் தங்கள் சரக்கைக் காட்டும் இடம். அங்கே நிற்கும் வண்டிகள் பெரும்பாலும் ஓட்டுவதற்காகச் செய்தவை இல்லை. 1983-இல் தொடங்கிய டோக்கியோ ஆட்டோ சலோனில் அகலமான பாடி கிட்டும் பெரிய இறக்கையும் பார்க்கலாம். ஆஸ்திரியாவில் வோர்தர்ஸே ஏரிக்கரையில் 1982 முதல் பல வருடங்கள் ஃபோக்ஸ்வேகனின் கோல்ஃப் ஜிடிஐ கார் வைத்திருப்பவர்கள் கூடினார்கள். அங்கே வளர்ந்த ரசனை வேறு மாதிரி: வண்டி கம்பெனியிலிருந்து வந்தது போலவே இருக்கும், ஆனால் கம்பெனி செய்ததைவிடச் சுத்தமாக இருக்கும். தேவையில்லாதது எல்லாம் போயிருக்கும், வீல் சரியான இடத்தில் நிற்கும், பெயிண்டில் முகம் பார்க்கலாம். தினமும் ஓட்டும் ஹேட்ச்பேக், மூன்று லட்சம் ரூபாய், நம்முடைய சட்டம், இந்த மூன்றுக்கும் ஒத்துவருவது இந்தக் கடைசி வழிதான். நான் இதைப் பரிந்துரைப்பது பணம் குறைவு என்பதற்காக மட்டும் இல்லை. ஐந்து பெரிய மாற்றங்கள் செய்த வண்டியை ஒருவர் ஒரு நிமிடத்தில் பார்த்து முடித்துவிடுவார். சுத்தமாகச் செய்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்கே கை வைத்திருக்கிறார்கள் என்று தேடுவார்.

எனவே என் முதல் ஆலோசனை உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்: நிறத்தை மாற்றாதீர்கள். வெள்ளையாகவே விட்டு, அந்த வெள்ளையை முழுமையாக்குங்கள். ஆர்சி பிரச்சினை அதோடு தீர்ந்தது. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. நிறம் மாற்றுவது என்றால் வெளித்தகரம் மட்டும் கிடையாது. கதவைத் திறந்தால் தெரியும் தகரச் சட்டங்கள் (ஃப்ரேம்), பானெட்டின் அடிப்பக்கம், எஞ்சின் பகுதி, டிக்கியின் உள்விளிம்பு, கதவு கீல் மடிப்பு எல்லாம் மாற வேண்டும். அதற்கு எஞ்சினை இறக்க வேண்டும், டேஷ்போர்டையும் கண்ணாடிகளையும் கழற்ற வேண்டும். பட்ஜெட் பத்தாமல் வெளியே மட்டும் அடித்துவிட்டு வருகிற வண்டிகளில், கதவைத் திறந்ததும் பழைய நிறம் எட்டிப் பார்க்கும். ஷோவில் மதிப்பெண் போடுகிறவர் முதலில் கதவைத்தான் திறப்பார்.

நீங்கள் ஆசைப்பட்ட நிறம் மாறும் பெயிண்டுக்கும் ஒரு வார்த்தை. அது பெரும்பாலும் கறுப்பு அடித்தளத்தின் மேல் அடிக்கப்படுவது. அதற்கு மேல் முத்துப் பொடி கலந்த நடு அடுக்கு, பிறகு கிளியர் என்கிற நிறமில்லாத பளபளப்பு அடுக்கு. நடு அடுக்கு எத்தனை தடவை அடித்தோம், துப்பாக்கி எவ்வளவு தூரத்தில் இருந்தது என்பதற்கு ஏற்ப நிறம் மாறும். அதனால் ஒரு ஆட்டோக்காரர் பின் கதவில் உரசினால் அந்தக் கதவை மட்டும் அடித்துப் பக்கத்துக் கதவோடு சேர்க்க முடியாது, அந்தப் பக்கம் முழுவதையும் அடிக்க வேண்டி வரும். ஓஎம்ஆரில் தினமும் ஓடுகிற வண்டிக்கு அதைப் பரிந்துரைக்க எனக்கு மனசு வரவில்லை.

சரி, வெள்ளையிலேயே என்ன செய்வது? முதலில் பெயிண்ட் கனம் அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் யாரிடமாவது வண்டியைக் காட்டுங்கள். கம்பெனி பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஏதாவது ஒரு பேனலில், அதாவது கதவு, பானெட் போன்ற தனித் தகரத்தில், அதைப்போல இரண்டு மடங்கு காட்டினால் மறுபடி அடித்திருக்கிறார்கள். ஐந்நூறு, ஆயிரம் என்று போனால் உள்ளே பட்டி இருக்கிறது. பத்து வருடத்துக்கு மேல் சென்னையில் ஓடிய வண்டி, ஒன்றிரண்டு பேனலாவது அப்படி இருக்கும். பழைய பட்டியின் மேல் புதிய பெயிண்ட் நிற்காது. அதைத் தகரம் வரை எடுத்துவிட்டு, பள்ளத்தை முடிந்தவரை தட்டி நிமிர்த்தி, இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகாமல் பட்டி வைக்க வேண்டும். பள்ளத்தைத் தட்டாமல் பட்டியால் நிரப்பித் தருகிறவரிடம் வேலை சீக்கிரம் முடியும். ஒன்றிரண்டு கோடைகளில் அதே இடம் வெடிக்கும்.

துருவை இதற்கும் முன்பே பார்க்க வேண்டும். வீல் வளைவின் உள்விளிம்பு, கதவுக்குக் கீழே இருக்கும் சட்டம், ரப்பர் பீடிங்கின் அடி, டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி. வேளச்சேரி வண்டி என்பதால் ஒன்று கேட்கிறேன்: 2015 டிசம்பரிலோ, 2023 மிக்ஜாம் மழையிலோ இது தண்ணீரில் நின்றதா? நின்றிருந்தால் கார்பெட்டைத் தூக்கித் தரைத்தகரத்தைப் பாருங்கள், ஒயரிங் கப்ளர்களைக் கழற்றிப் பச்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே துரு இருந்தால் உங்கள் மூன்று லட்சத்தின் முதல் செலவு அதுதான். அதைத் தாண்டி வந்து பெயிண்டில் கை வைப்பதில் அர்த்தமில்லை.

பெயிண்ட் வேலையில் பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரிவது கடைசி அடுக்கு மட்டும். உழைப்பில் பெரும்பகுதி அதற்கு முன்பே முடிந்திருக்கும். நிறத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான சர்ஃபேசர் அடித்துக் காய்ந்த பிறகு அதன் மேல் மெல்லிய கறுப்புத் தூவல் போட்டு, கட்டையில் சுற்றிய எமரி தாளால் தேய்க்க வேண்டும். கறுப்பு எங்கே போகாமல் நிற்கிறதோ அங்கே பள்ளம், எங்கே சீக்கிரம் போகிறதோ அங்கே மேடு. கையை வெறுமனே வைத்துத் தேய்த்தால் விரல் பதிந்த இடமெல்லாம் அலை அலையாகிவிடும். 320, 400 நம்பரில் தொடங்கி 800-இல் முடித்து, பிறகுதான் நிறம். கிளியர் காய்ந்த பிறகு ஆரஞ்சுத் தோல் போன்ற புள்ளி மேடுகளை 1500, 2000, 3000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, காம்பவுண்டு போட்டு எடுக்கிறோமே, அங்கேதான் சாதாரண பெயிண்ட் வேலை ஷோ பெயிண்ட் வேலையாகிறது. ஒரு பானெட்டுக்கே பாதி நாள் போகும். விளிம்புகளில் கிளியர் மெல்லியதாக இருக்கும். அவசரப்பட்டால் அங்கே அடி நிறம் வரை போய்விடும். விளிம்புகளுக்கு டேப் ஒட்டிவிட்டுத் தேய்க்கிற ஆளிடம் நம்பி வண்டியைக் கொடுக்கலாம்.

நம் ஊர்க் காற்றைப் பற்றி வெளியூர் வீடியோக்கள் சொல்லாது. சென்னையில் ஈரப்பதம் அதிகம். தின்னர் ஆவியாகும்போது தகரத்தின் மேற்பரப்பு குளிர்கிறது, காற்றில் இருக்கும் ஈரம் அதன் மேல் படிகிறது. தின்னர் ஆவியானாலே காய்ந்துவிடும் பழைய என்சி பெயிண்டில் இதனால் பால் ஊற்றியது போல் வெளுக்கும். இப்போது எல்லோரும் ஹார்ட்னர் கலந்து அடிக்கும் டூகே பெயிண்டில் அந்த ஹார்ட்னர் ஈரத்தோடு சேர்ந்து வாயுவைக் கிளப்பும். நுண்ணிய குமிழி வரும், நாலு வாரத்தில் பளபளப்பு மங்கும். தகரத்தின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைவிட மூன்று டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது பெயிண்ட் தொழிலில் பொதுவான விதி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் திறந்த ஷெட்டில் அடிக்க விடாதீர்கள். பிப்ரவரி, மார்ச் நல்ல காலம். கோடையில் அடித்தால் மெதுவாக உலரும் தின்னர் போட வேண்டும், இல்லையென்றால் துளி பரவுவதற்கு முன்பே காய்ந்து சொரசொரப்பாகும். கம்ப்ரெசரில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் இருக்கிறதா, தினமும் காலையில் டாங்கியைத் திறந்து தண்ணீரை விடுகிறார்களா என்று கேளுங்கள். மூடிய பூத்தில் அடித்து, 60 டிகிரியில் அரை மணி நேரம் சூடு காட்டி எடுத்தால் தூசித் தொல்லையும் குறையும். மெட்ரோ வேலை நடக்கிற ரோட்டை ஒட்டிய ஷெட்டாக இருந்தால் பூத் இல்லாமல் ஷோ தரம் எடுப்பது நடக்காத காரியம்.

இதே இடத்தில் இன்னொன்று. டூகே ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைத் தாக்கும், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சுத் திணறும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற எத்தனையோ தம்பிகளை நம் ஊரில் பார்க்கிறேன், வயிறு பதறுகிறது. வெளியிலிருந்து காற்று வரும் மாஸ்க் போட்டுப் பெயிண்டர் அடிக்கும் ஷெட்டாகப் பார்த்துக் கொடுங்கள். பில்லில் கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் கொடுங்கள்.

கூரையைக் கறுப்பாக்க வேண்டும் என்றால் மட்டும் ரேப் போடலாம். ஸ்விஃப்டில் முன் கண்ணாடித் தூண்கள் கறுப்பாக இருப்பதால் கூரை தனியாக மிதப்பது போலத் தெரியும். அந்தக் கறுப்பைப் பளபளப்பாக்கினாலே பக்கவாட்டுத் தோற்றம் மாறிவிடும். ரேப் வாங்கும்போது காஸ்ட் வகை ஃபிலிம் கேளுங்கள். மலிவான காலண்டர்ட் வகை வெயிலில் சுருங்கும், ஓரம் தூக்கும். எந்த வகையானாலும் நம் வெயிலில் கூரையும் பானெட்டும்தான் முதலில் போகும். ரேப் பள்ளத்தை மறைக்காது, இன்னும் காட்டிக் கொடுக்கும். கம்பெனி பெயிண்ட் மேல் ஒட்டினால் பின்னால் சூடு காட்டிச் சுத்தமாக எடுக்கலாம். சரியாகப் பிடிக்காத மறு பெயிண்ட் மேல் ஒட்டினால் உரிக்கும்போது பெயிண்டும் கூடவே வரும்.

பாடி கிட் விஷயத்துக்கு வருவோம். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தொங்கும் கிட்டுகளில் பெரும்பாலானவை ஃபைபர். அச்சிலிருந்து எடுத்து வெயிலில் காயாமல் வந்த ஃபைபரை உடனே பெயிண்ட் அடித்தால், பின்னால் வெயில் சூட்டில் ரெசின் மேலும் இறுகிச் சுருங்கி, உள்ளே இருக்கும் கண்ணாடி நார்ப் பாயின் நெசவு மேலே தெரியும். கறுப்பு, சிவப்பு வண்டிகளில் இது அசிங்கமாகவே தெரியும். வாங்கினால் நாலைந்து நாள் வெயிலில் போடுங்கள், பெயிண்டுக்கு முன் வண்டியில் மாட்டிப் பாருங்கள். ஹெட்லைட் ஓரத்திலும் ஃபெண்டர் ஓரத்திலும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக வரும்வரை தேய்த்துச் சரிசெய்த பிறகுதான் பெயிண்ட். உங்களுக்கு நான் சொல்வது இதைவிட எளிது: புதுப்பேட்டையில் இதே மாடலின் ஒரிஜினல் பம்பர் ஒரு ஜோடி வாங்குங்கள், பில்லோடு. அதில் சின்ன லிப் மட்டும் சேருங்கள். ஒரிஜினல் பிளாஸ்டிக் வளையும், ஸ்பீடு பிரேக்கரில் உரசினாலும் உடையாது. அதற்குப் பெயிண்ட் அடிக்கும்போது பிளாஸ்டிக் பிரைமர் போடாவிட்டால் தோல் உரிவது போல் உரியும். ஒரிஜினல் என்பதால் அளவும் அச்சு மாறாமல் உட்காரும், பேனல் இடைவெளி சீராக வரும். ஷோவில் மதிப்பெண் போடுகிறவர் கிட்டின் விலையைப் பார்ப்பதில்லை, இடைவெளியைப் பார்க்கிறார்.

மேல்நோக்கித் திறக்கும் கதவு வேண்டாம். 1968-இல் ஆல்ஃபா ரோமியோ கராபோ என்ற மாதிரி வண்டியில் முதலில் வந்தது, 1974-இல் லம்போர்கினி கவுன்டாஷ் மூலம் பிரபலமானது. அந்த வண்டி அகலமானது, பின்னால் ஒன்றும் தெரியாது. கதவைத் தூக்கிவிட்டு வெளியே எட்டிப் பார்த்து ரிவர்ஸ் எடுக்க அது உதவியது. ஸ்விஃப்டின் கதவு பக்கவாட்டு மோதலுக்கான இரும்புச் சட்டத்தோடு கனமானது. அதைத் தூக்கிப் பிடிக்கும் கீல் கிட்டில் சில மாதங்களில் கதவு தொங்கும், இடைவெளி மாறும், ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வரும். அதைவிடப் பெரிய பயம்: வண்டி தலைகீழாகக் கவிழ்ந்தால் அந்தக் கதவைத் திறக்க முடியாமல் போகலாம்.

வீலில் ஆசைப்படுவது நியாயம், வண்டியின் நிற்கும் விதத்தையே மாற்றுவது அதுதான். உங்கள் மாடலில் வந்தது 165/80 ஆர்14 டயராக இருக்கும் (165 மில்லிமீட்டர் அகலம், அதில் 80 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 14 இஞ்ச் ரிம்), மொத்த விட்டம் ஏறத்தாழ 620 மில்லிமீட்டர். கம்பெனியே உயர் மாடலில் கொடுத்த 185/65 ஆர்15 ஏறத்தாழ 621. 195/55 ஆர்16 கணக்குப் போட்டால் அதுவும் 621. 17 இஞ்சில் 195/45 போட்டால் 607-க்கு வந்துவிடும். ஸ்பீடோமீட்டர் கூடுதலாகக் காட்டும், பக்கச்சுவர் 88 மில்லிமீட்டர்தான் மிஞ்சும். பள்ளிக்கரணைப் பள்ளத்தில் ஒருநாள் ரிம் வளையும். நான் 15 இஞ்சில் நிற்கச் சொல்வேன், அதிகபட்சம் 16. உங்கள் வண்டியின் வீலுக்கு நான்கு போல்ட், அவை நிற்கும் வட்டம் 100 மில்லிமீட்டர், நடுத்துளை 54.1 மில்லிமீட்டர். வெளியில் வாங்கும் வீலில் நடுத்துளை பெரிதாக இருக்கும், அந்த இடைவெளியை நிரப்பும் வளையமான ஹப் ரிங் போடாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும். வெளிநாட்டு ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் 17 இஞ்ச் வீலைச் சிலர் உங்களுக்கு விற்கப் பார்ப்பார்கள். அது ஐந்து போல்ட், 114.3 வட்டம், உங்கள் வண்டியில் உட்காராது.

வண்டியின் உயரத்தை இறக்குவதாக இருந்தால் அளவாக இறக்குங்கள். கம்பெனி கிரவுண்ட் கிளியரன்ஸ் 170 மில்லிமீட்டர். 25, 30 மில்லிமீட்டர் குறைக்கும் தரமான ஸ்பிரிங் போதும். வீலுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி நிறைந்துவிடும். இருக்கிற ஸ்பிரிங்கை வெட்டுகிறவரிடம் போகாதீர்கள். வெட்டிய ஸ்பிரிங் இறுகும், வீல் தொங்கும் நேரத்தில் தான் உட்காரும் கிண்ணத்தை விட்டு நழுவும். எதைப் போட்டாலும் அலைன்மென்ட் பாருங்கள். வேளச்சேரியில் மழைத் தண்ணீர் தேங்கும் தெருவில் இருக்கிறீர்கள் என்றால், இறக்குவதையே மழை முடிந்த பிறகு செய்யுங்கள். ஏர் ஃபில்டரைக் கீழே கொண்டுபோகும் கிட் எதையும் போடாதீர்கள். எஞ்சின் தண்ணீரை உறிஞ்சினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

உள்ளே அதிகம் சொல்ல இல்லை. சீட்டை நல்ல தையல்காரரிடம் கொடுத்து இரண்டு நிறத்துக்கு மேல் போகாமல் தைக்கச் சொல்லுங்கள். ஏர்பேக் இருக்கும் ஸ்டீயரிங்கைக் கழற்றிப் பந்தய ஸ்டீயரிங் போட வேண்டாம். பின் சீட்டை எடுத்துவிட்டு ஸ்பீக்கர் பெட்டி வைப்பதும் வேண்டாம், இருக்கை எண்ணிக்கையும் ஆர்சியில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் வைத்தால் பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் போட வேண்டும். அதை முன் சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள், வெள்ளத்தில் முதலில் போவது அதுதான். ஹெட்லைட்டில் ஹாலஜனுக்கான குடுவைக்குள் எல்இடி பல்பைச் செருகினால் ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் குருடாக்கும். மங்கிய லென்ஸைப் பாலிஷ் செய்து, ரிலேயோடு சரியான வாட் பல்பு போட்டாலே முகம் புதிதாகிவிடும். என்ன செய்தாலும் கம்பெனி ஒயரை வெட்டாமல் கப்ளர் வைத்து இணைக்கச் சொல்லுங்கள். தீப்பிடித்து எங்களிடம் வரும் வண்டிகளில் வெட்டி ஒட்டிய ஒயரை நிறையப் பார்க்கிறேன்.

செய்யும் ஒவ்வொன்றையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சேர்த்த பொருள்களுக்கான கூடுதல் பிரீமியம் பெரிய தொகையாக இருக்காது. சொல்லாமல் விட்டால் விபத்து நேரத்தில் கிளைம் நிற்க வாய்ப்பிருக்கிறது.

பணத்தைப் பிரிப்பது என் கருத்து மட்டும்தான், ஷெட்டுக்கு ஷெட் விலை மாறும். மூன்று லட்சத்தில் பாதிக்கு மேல் தகரத்துக்கும் பெயிண்டுக்கும் வையுங்கள். வீல், டயர், ஸ்பிரிங் சேர்ந்து கால்பங்கைத் தாண்ட வேண்டாம். மிச்சத்தில் உள்வேலை. ஐம்பதாயிரத்தைத் தொடாமல் எடுத்து வையுங்கள், பழைய வண்டியைப் பிரித்தால் எதிர்பாராதது ஏதாவது வந்தே தீரும். இந்த வேலை நடக்கும்போது ஆறேழு வாரம் வண்டி ஷெட்டில் நிற்கும், ஆபீஸுக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பெயிண்ட் முடிந்து ஒரு மாதமாவது வாக்ஸ் போடாதீர்கள், கரைப்பான் முழுவதும் வெளியேற வேண்டும்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் நான்கு பக்கமும் கூரையும் தெரியப் படம் எடுங்கள், கதவுகளைத் திறந்து சட்டங்களையும் எடுங்கள், ஸ்டெப்னிக் குழியையும். பெயிண்ட் மீட்டர் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு பேனலின் அளவையும் எழுதி அனுப்புங்கள். எந்தப் பேனலைத் தகரம் வரை எடுக்க வேண்டும், எதைத் தேய்த்து அடித்தால் போதும் என்று பார்த்துச் சொல்கிறேன்.